உழவு இயந்திரத்தின் பின்னச்சில் எண்ணெய்க் கசிவு: காரணமும் திருத்தமும்

முன்னுரை

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மடை திறக்கும் நாள் தீர்மானிக்கப்பட்டுவிட்டால், அதன் பின்னர் கமக்காரருக்கு ஒவ்வொரு நாளும் பெறுமதி வாய்ந்தது. முதலுழவு, மறுஉழவு, சேறடித்தல், மட்டப்படுத்தல் ஆகிய யாவும் குறித்த நாள்களுக்குள் முடிதல் வேண்டும். அவ்வேளையில் உழவு இயந்திரம் இரண்டு நாள் நின்றாலும் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் கடைசித் தண்ணீர் கிடைக்குமுன் கதிர் முற்றாது போகலாம்.

இயந்திரம் நிற்பதற்குரிய காரணங்களுள் மிகச் சிறியதாய்த் தோன்றி மிகப் பெரிய நட்டத்தை விளைவிப்பது பின்னச்சில் ஏற்படும் எண்ணெய்க் கசிவாகும். பின்சில்லின் உட்புறத்தில் எண்ணெய் படிந்திருப்பதைக் கண்ட பலர், "குறைந்ததை ஊற்றிக்கொண்டால் போதும்" என எண்ணுகின்றனர். வேறு சிலர் உடனே புதிய ஒயில் சீல் ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். ஒரு போகம் முடியுமுன் அதுவும் கசியத் தொடங்குகிறது. இவ்விரு வழிகளும் தவறானவை. சீல் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. வேறொரு குறையே அதனைக் கெடுக்கிறது. அக்குறையைக் கண்டு நீக்கிய பின்னரே புதிய சீலைப் பொருத்துதல் வேண்டும். இதனை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. பின்னச்சின் அமைப்பு

எஞ்சினின் சுழற்சி, கியர்ப்பெட்டியினூடாகப் பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதியை வந்தடைகிறது. அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு அச்சுத்தண்டுகள் பின்சில்லுகளுக்குச் செல்கின்றன. இயந்திரம் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரமும் உட்புறச் சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் ஓட இடமளிப்பதே டிபரன்சியலின் தொழிலாகும்.

மேட்டு நிலத்தில் நன்மை தரும் இவ்வமைப்புச் சேற்று நிலத்தில் இடையூறு செய்கிறது. ஒரு சில்லு சேற்றில் வழுக்கத் தொடங்கினால் சுழற்சி முழுவதும் அச்சில்லுக்கே செல்லும். மறுபுறத்துச் சில்லு உறுதியான நிலத்தில் இருந்தும் அசையாது நிற்கும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு டிபரன்சியல் பூட்டு அமைக்கப்பட்டுள்ளது. சாரதியின் காலருகேயுள்ள மிதிபடியை அழுத்தினால் இரண்டு அச்சுத்தண்டுகளும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு, சில்லுகள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்.

இப்பற்சில்லுகள் யாவும் எண்ணெயில் மூழ்கியே தொழிற்படுகின்றன. அச்சுத்தண்டு அச்சுறையைவிட்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் வெளியேறாமலும் சேற்றுநீர் உட்புகாமலும் காப்பது ஒயில் சீல் ஆகும். அது ஓர் உலோக வளையத்தில் ஒட்டப்பட்ட றப்பர் இதழையும், அவ்விதழைத் தண்டின்மேல் மெல்ல அழுத்திவைத்திருக்கும் மெல்லிய சுருள்வில்லையும் உடையது. தண்டைத் தொட்டுக்கொண்டிருப்பது றப்பர் இதழின் மெல்லிய விளிம்பு மட்டுமே. அவ்விளிம்புக்கும் தண்டுக்குமிடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்பொழுதும் இருக்கும். அப்படலம் வற்றினால் இதழ் கருகும். அதிலே மணல் புகுந்தால் இதழும் தண்டும் தேயும்.

2. சிறு கசிவினால் விளையும் பெரு நட்டம்

பத்து விநாடிக்கு ஒரு துளி என்பது பார்வைக்கு அற்பமானது. ஆனால் எட்டு மணி நேர வேலையில் அது 2,880 துளிகளாகும். ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 144 மில்லிலீற்றரும், முப்பது நாள் வேலையில் 4 லீற்றருக்கு மேலும் எண்ணெய் வீணாகிறது. எண்ணெய் மட்டம் தாழ்ந்தால் பற்சில்லுகளும் பெயரிங்குகளும் வெப்பமேறித் தேயும். பல இயந்திரங்களில் பின்னச்சின் எண்ணெயே கலப்பையை உயர்த்தும் நீரியல் தொகுதிக்கும் பயன்படுவதால், கலப்பை உயராது தளர்வதும் இதன் விளைவாக நேரலாம்.

எண்ணெய் வெளியேறும் வழி நீர் உட்புகும் வழியுமாகும். நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுத்துத் தன் வழவழப்பை இழக்கிறது. பற்சில்லுகளில் துரு பிடிக்கிறது. சீலொன்றின் விலையைப் போலப் பல மடங்கு செலவில் பெயரிங்குகளையும் பற்சில்லுகளையும் மாற்ற நேரிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துப் பிறேக்கைச் சார்ந்தது. மாசி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரங்களில் பிறேக் ட்றம் பின்சில்லை அடுத்தே அமைந்துள்ளது. சீலினூடாகக் கசியும் எண்ணெய் நேரே பிறேக் லைனிங்கின்மேல் படிகிறது. எண்ணெய் படிந்த பக்கத்துப் பிறேக் பிடிக்காது. மறுபக்கத்துப் பிறேக் மட்டும் பிடிக்கும். வயலில் மெல்லச் செல்லும்போது இது தெரியாது. பாரம் ஏற்றிய பெட்டியுடன் வீதியில் செல்லும்போதே இதன் கொடுமை வெளிப்படும்.

எனது சேவையின் தொடக்க ஆண்டுகளில் வன்னியிலுள்ள ஒரு கிராமத்தில் இவ்வாறானதொரு விபத்து நிகழ்ந்தது. அறுவடைக் காலத்தில் நெல்மூடைகள் ஏற்றிய பெட்டியுடன் குளக்கட்டிலிருந்து இறங்கிய உழவு இயந்திரம், சாரதி பிறேக்கை அழுத்தியதும் திடீரென இடப்புறம் திரும்பிக் கட்டின் சரிவில் இறங்கிக் கவிழ்ந்தது. வலப்புறச் சில்லின் பிறேக் எண்ணெயில் ஊறியிருந்தமையே காரணம். சில்லுக் காப்பின்மேல் அமர்ந்து வந்த சாரதியின் தம்பிக்குத் தொடையெலும்பு முறிந்தது. அடுத்த போகம் முழுவதும் அவர் வயலில் இறங்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்னர் நான் அவ்வயலுக்குச் சென்றிருந்தேன். அச்சில்லின் உட்புறத்தில் எண்ணெய் படிந்திருந்ததை நானும் கண்டேன். "எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் கூறிவிட்டு வந்தேன். அன்று கூறத் தவறியதை இன்று தெளிவாகக் கூறுகிறேன்: பிறேக் பக்கத்தில் எண்ணெய் காணப்பட்டால் அவ்வியந்திரத்தை வீதிக்குக் கொண்டுசெல்லுதல் ஆகாது. பெட்டி பூட்டுதலும் ஆகாது.

3. கசிவுக்குரிய காரணங்கள்

(அ) மூச்சுத்துளை அடைபட்டிருத்தல். அச்சுறையின் அல்லது கியர்ப்பெட்டியின் மேற்புறத்தில் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. வேலை செய்யும்போது எண்ணெயும் உள்ளேயுள்ள காற்றும் வெப்பமடைந்து விரிகின்றன. விரிந்த காற்று அத்துளையினூடாக வெளியேறவேண்டும். துளை சேற்றினால் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயைச் சீலின் இதழினூடாக வெளியே தள்ளும். பின்னர் வெப்பமேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, அதே இதழினூடாகச் சேற்றுநீரை உள்ளே உறிஞ்சும். சேற்று நிலத்தில் வேலை செய்யும் இயந்திரங்களில் முதலிற் பார்க்கவேண்டிய காரணம் இதுவே. இதனைத் திருத்துவதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

(ஆ) எண்ணெய் மிகையாக ஊற்றப்பட்டிருத்தல். அளவுக் கம்பியின் மேற்குறிக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் பற்சில்லுகளால் அடிக்கப்பட்டு நுரைத்து, அச்சுறையின் ஓரங்களுக்குச் சென்று சீலை அழுத்தும்.

(இ) பெயரிங் தேய்ந்திருத்தல். பெயரிங் தேய்ந்தால் தண்டு நடுவில் நில்லாது ஆடும். ஆடும் தண்டைச் சீலின் இதழ் பின்தொடர்ந்து பிடிக்க இயலாது. இந்நிலையில் எத்தனை சீல் மாற்றினும் பயனில்லை.

(ஈ) தண்டில் தேய்வுக்கோடு விழுந்திருத்தல். பல ஆண்டுகள் இதழ் உராய்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் ஏற்படும். நகத்தினால் வருடிப் பார்க்கும்போது நகம் சிக்கினால் அப்பள்ளம் ஆழமானது என அறிக.

(உ) அந்நியப் பொருள்கள் சுற்றியிருத்தல். வைக்கோல், நைலோன் நூல், மரக்கறித் தோட்டங்களில் நிலம் மூடப் பயன்படும் பொலித்தீன் என்பன சில்லுக்கும் அச்சுறைக்குமிடையே சுற்றி, மெல்ல உட்சென்று இதழை வெட்டும்.

(ஊ) முதுமையும் வெப்பமும். பல ஆண்டுகள் சென்றபின் றப்பர் தன் மென்மையை இழந்து கல்போல் இறுகும். வெயிலில் பல மாதங்கள் அசையாது நின்ற இயந்திரங்களிலும் இவ்வாறு நிகழும்.

(எ) தவறாகப் பொருத்தியிருத்தல். சீல் சரிவாக அடிக்கப்பட்டாலும், பொருத்தும்போது தண்டின் கூரிய பற்களால் இதழ் கீறப்பட்டாலும், சுருள்வில் தன் இடத்தைவிட்டு விலகினாலும் புதிய சீல் முதல் நாளே கசியும்.

4. கசியும் இடத்தைக் கண்டறிதல்

எண்ணெய் படிந்துள்ள இடம் எல்லாம் கசியும் இடமன்று. மேலே கசிந்தது வழிந்து கீழே துளிக்கும். காற்றும் சில்லின் சுழற்சியும் அதனைப் பரப்பும். ஆகையால் பின்வருமாறு செய்க.

முதலில் அச்சுறையையும் சில்லின் உட்புறத்தையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் தூரிகையாலும் துப்புரவாக்கி உலரவிடுக. உலர்ந்தபின் ஐயமான இடங்களில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுக. பின்னர் இயந்திரத்தை அரைமணி நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், கசிவு தொடங்கும் இடத்தில் வெண்தூள் நனைந்து கறுத்திருக்கும். இரு உறைகள் கூடும் பொருத்தில் நனைந்திருந்தால் குறை காகிதத் தகட்டில் அல்லது தளர்ந்த போல்ட்டில் உள்ளது. டிபரன்சியல் பூட்டின் மிதிபடித் தண்டு உறைக்குட் செல்லும் இடம் நனைந்திருந்தால் அங்குள்ள சிறு றப்பர் வளையமே தேய்ந்துள்ளது. பிறேக் ட்றம்மின் அடியில் நனைந்திருந்தால் குறை அச்சுத்தண்டின் சீலில் உள்ளது. நீரழுத்தப் பிறேக் உள்ள இயந்திரமாயின், கசிவது பற்சில்லு எண்ணெயா பிறேக் எண்ணெயா எனவும் பார்க்க. பற்சில்லு எண்ணெய் தடித்துக் கருமை சார்ந்திருக்கும். பிறேக் எண்ணெய் நீர்போல் மெலிந்திருக்கும்.

எண்ணெயில் நீர் கலந்துள்ளதா என அறிதலும் அவசியம். இரவு முழுவதும் இயந்திரத்தை அசையாது நிறுத்திவைத்து, விடியற்காலையில் வடிதுளையின் ஆணியைச் சிறிது தளர்த்துக. நீர் எண்ணெயிலும் கனமானதால் அடியில் தங்கியிருக்கும். எண்ணெய்க்கு முன்னர் நீர் வந்தால் கலப்பு உறுதியாகும். அத்துடன் எண்ணெய் வெண்மையாகவும் இருந்தால் அதனை முற்றாக மாற்றுக.

5. கமக்காரர் தாமே செய்யத்தக்கவை

மூச்சுத்துளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, அதனூடாகக் காற்றுச் செல்கிறதா எனப் பார்த்து மீண்டும் பூட்டுக. எண்ணெய் மட்டத்தைச் சமநிலத்தில், எஞ்சின் நின்று சிறிது நேரம் சென்றபின் பார்த்து, மிகையாயின் வடித்துவிடுக. சில்லைச் சுற்றியுள்ள நூலையும் வைக்கோலையும் அகற்றுக. தளர்ந்த போல்ட்டுகளை இறுக்குக. இவற்றைச் செய்தபின் மீண்டும் சுண்ணத்தூள் தூவி ஒரு நாள் வேலைசெய்து பார்க்க. மூச்சுத்துளை மட்டுமே குறையாயிருந்த இயந்திரங்களில் கசிவு இவ்வளவிலே நின்றுவிடும்.

நில்லாதாயின் பெயரிங்கைப் பரிசோதிக்க. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியினால் ஒரு பின்சில்லை நிலத்தைவிட்டுச் சிறிது உயர்த்துக. அச்சுறையின் கீழே பாலை, முதிரை போன்ற வைர மரக்கட்டைகளை அடுக்கிப் பாரத்தை அவற்றின்மேல் இறக்குக. ஜாக்கியை மட்டும் நம்பியிருத்தலும், செங்கல்லையோ சீமெந்துக் கல்லையோ தாங்காக வைத்தலும் உயிருக்கு ஆபத்தானவை. பின்னர் சில்லின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிடித்து மாறிமாறி உள்ளும் வெளியும் அசைத்துப் பார்க்க. கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் பெயரிங்கையும் சீலையும் ஒருங்கே மாற்றவேண்டும்.

6. சீல் மாற்றும் முறை

பல இயந்திரங்களில் பெயரிங் தண்டின்மேல் மிக இறுக்கமான வளையத்தினால் நிறுத்தப்பட்டுள்ளது. அதனை அகற்றுவதற்கு அழுத்துபொறி வேண்டும். சுத்தியலால் அடித்தும் தீயினால் சூடாக்கியும் அகற்ற முயன்றால் தண்டு கெடும். இத்தகைய இயந்திரத்தைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே நன்று. எனினும் வேலை எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதைக் கமக்காரர் அறிந்திருந்தால் அருகிருந்து மேற்பார்வை செய்யலாம்.

(1) எண்ணெயை வடித்தபின், அல்லது கசியும் பக்கம் உயர்ந்திருக்குமாறு நிறுத்தியபின், சில்லைக் கழற்றுக. பாரத்துக்காக நீர் நிரப்பப்பட்ட ரயர் மிகக் கனமானது. இருவர் மூவர் சேர்ந்தே அதனைக் கையாளவேண்டும்.

(2) பிறேக் ட்றம்மைக் கழற்றும்போது அதிலுள்ள தூசியை ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது. ஈரத் துணியினால் துடைத்தெடுக்க.

(3) அச்சுறையின் முகப்பில் மெல்லிய உலோகத் தகடுகள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையையும், அவை எப்பக்கத்துக்குரியவை என்பதையும் குறித்துவைக்க. பெயரிங்கின் இறுக்கம் அத்தகடுகளினாலேயே அமைகிறது. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் பெயரிங் விரைவில் அழியும்.

(4) பழைய சீலை அகற்றுமுன், அது எப்பக்கம் நோக்கியிருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பவற்றைக் கவனிக்க. அதன்மேல் 50 × 80 × 10 என்பதுபோல் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது தண்டின் பருமன். இரண்டாவது சீலின் வெளி விட்டம். மூன்றாவது அதன் தடிப்பு. இவை மில்லிமீற்றரில் உள்ளவை. பழைய ஆங்கில இயந்திரங்களில் அங்குல அளவும் உண்டு. அண்ணளவான மில்லிமீற்றர் அளவை அதற்குப் பதிலாக இடுதல் கூடாது. பழைய சீலைக் கையோடு கடைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குக. கடையில் ஆணியில் தொங்கவிடப்பட்ட சீலையும் வெயில்பட்டு வெளிறிய சீலையும் வாங்கவேண்டாம். அவற்றின் இதழ் வடிவம் மாறியிருக்கும்.

(5) தண்டை நன்கு துடைத்துப் பரிசோதிக்க. இலேசான துருவாயின் மிக மென்மையான எமரித் தாளைத் தண்டைச் சுற்றிவரத் தேய்க்க. நீளவாக்கில் தேய்த்தால் அக்கீறல்களே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். தேய்வுக்கோடு ஆழமாயின், இடம் இருக்கும் பட்சத்தில் புதிய சீலைச் சிறிது உள்ளே அல்லது வெளியே தள்ளி, இதழ் புதிய இடத்தில் படியுமாறு பொருத்தலாம். இடமில்லையாயின் தண்டின்மேல் மெல்லிய உருக்கு உறை ஒன்றை ஏற்றவேண்டும்.

(6) புதிய சீலின் இதழில் அதே எண்ணெயைப் பூசுக. சுருள்வில்லின் பள்ளத்தில் சிறிது கிறீஸ் வைத்தால் தட்டும்போது வில் விலகாது. உலர்ந்த சீலைப் பொருத்தினால் முதற் சில நிமிடங்களிலேயே இதழ் கருகும்.

(7) சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். இதனை மாற்றிப் பொருத்தினால் எண்ணெய் தடையின்றி வெளியேறும்.

(8) தண்டில் பற்கள் இருந்தால் அவற்றின்மேல் மெல்லிய ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன்மேல் சீலை நழுவவிடுக. பின்னர் நாடாவை அகற்றுக.

(9) சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றுக் குறைந்த குழாய்த் துண்டையோ தட்டையான மரக்கட்டையையோ வைத்து, சுற்றிவரச் சமமாக மெல்லத் தட்டி இறக்குக. சுத்தியலால் ஒரு புறத்தில் நேரே அடித்தல் ஆகாது.

(10) எண்ணெயில் ஊறிய பிறேக் லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவியும் தீயில் வாட்டியும் மீண்டும் பயன்படுத்துவோர் உளர். உள்ளே ஊறிய எண்ணெய் பிறேக் வெப்பமேறியதும் மீண்டும் வெளிவரும். ஆகவே லைனிங்கை மாற்றுக. இரண்டு பக்கத்தையும் ஒருங்கே மாற்றுக.

(11) போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குக. கைநூலில் குறித்த எண்ணெயைக் குறித்த அளவில் ஊற்றுக. ஒரு மணி நேரம் ஓட்டியபின்னும், மறுநாட் காலையிலும் பார்க்க. வீதிக்குச் செல்லுமுன், வெறுமையான நிலத்தில் மெல்ல ஓட்டி, இரண்டு பிறேக்குகளும் சமமாகப் பிடிக்கின்றனவா எனச் சோதிக்க. வீதியில் இரு மிதிபடிகளையும் பிணைக்கும் கொளுவி கட்டாயம் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

7. காற்றினால் இயங்கும் பூட்டு

மலைப்பகுதிகளிலே கரடுமுரடான பாதைகளில் மரக்கறி ஏற்றும் நான்கு சில்லு இயக்க வாகனங்கள் சிலவற்றில், மிதிபடிக்குப் பதிலாக அமுக்கிய காற்றினால் இயங்கும் டிபரன்சியல் பூட்டு அமைக்கப்படுகிறது. சிறு காற்றுப்பொறி ஒன்று சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 இறாத்தல் அழுத்தத்தில் காற்றை மெல்லிய குழாயினூடாக டிபரன்சியலுக்குட் செலுத்துகிறது. அங்கே சுழலும் பகுதிக்குள் காற்றைக் கொண்டுசேர்ப்பது ஓ-றிங் எனப்படும் இரு றப்பர் வளையங்கள் பொருந்திய ஓர் உறையாகும்.

காற்றுப்பொறி ஓயாது ஓடினால் எங்கோ காற்றுக் கசிகிறது என்பது பொருள். முதலில் வெளிக்குழாயின் மூட்டுகள் யாவற்றிலும் சவர்க்கார நீர் பூசிப் பார்க்க. குமிழி எழுமிடம் கசியுமிடமாகும். வெளியே குறையில்லாதிருக்க, அச்சின் மூச்சுத்துளையில் காற்று இரைந்து வந்தாலோ, பூட்டைத் தளர்த்தும்போது காற்று வெளியேறும் வாயிலில் எண்ணெய் தெறித்தாலோ, உள்ளேயுள்ள ஓ-றிங் கெட்டுள்ளது. இதற்கு டிபரன்சியல் முழுவதையும் வெளியே எடுக்கவேண்டும். இடவலப் பெயரிங்குகளையும் அவற்றின் தகடுகளையும் மாறாமல் குறித்துவைத்தல், வளையம் உராயும் பரப்பில் கீறல் உண்டா எனப் பார்த்தல், புதிய வளையத்தை எண்ணெய் பூசி முறுகாமல் அமர்த்துதல் ஆகிய மூன்றும் இவ்வேலையில் தவறக்கூடாதவை. பரப்புக் கீறியிருக்க வளையத்தை மட்டும் மாற்றுவது வீண்செலவாகும். ஆகவே இங்கும் மேற்கூறிய விதியே பொருந்துகிறது.

8. பூட்டை முறையாகப் பயன்படுத்தல்

டிபரன்சியல் பூட்டைத் தக்க வேளையில் பயன்படுத்துதலும் சீலைக் காக்கும் வழியாகும். ஒரு சில்லை வீணாகச் சுழலவிட்டால் அது சேற்றைத் தோண்டி அச்சுவரை தாழும். அப்போது சீல் மணற்சேற்றில் மூழ்கிவிடும். சில்லு வழுக்கத் தொடங்கியதும் கிளச்சை அழுத்திச் சில்லுகள் நின்றபின் பூட்டை இட்டு, நேராக முன்னே செல்க. வேகமாகச் சுழலும் சில்லின்மேல் பூட்டை இட்டால் பற்கள் உடையும். திரும்புமுன் பூட்டு விடுபட்டுவிட்டதா என உறுதி செய்க. வீதியிலும் வன்னிலத்திலும் பூட்டைப் பயன்படுத்தலாகாது. பூட்டு இட்டும் அசையாத இயந்திரத்தை மேலும் முடுக்காது, சேற்றை வெட்டி அகற்றியோ இரும்புச் சில்லு பூட்டியோ வெளியேற்றுக.

வேலை முடிந்து வெப்பமேறிய இயந்திரத்தை உடனே வாய்க்காலில் இறக்கிக் கழுவுதல் பல இடங்களிலும் வழக்கமாயுள்ளது. இது நீரை உள்ளே உறிஞ்சச் செய்வதோடு வாய்க்கால் நீரையும் மாசுபடுத்தும். ஆறியபின் மேட்டில் நிறுத்திக் கழுவுக. அழுத்தமான நீர்த்தாரையைச் சீலை நோக்கிப் பாய்ச்சவேண்டாம்.

வடித்த பழைய எண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது இலகுவில் கீழிறங்கிக் கிணற்றைச் சென்றடையும். அக்கிணற்று நீரையே நாம் குடிக்கின்றோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கின்றோம். எண்ணெயைக் கலனில் சேர்த்து, பழைய எண்ணெய் பெறுவோரிடம் ஒப்படைக்க.

இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கும் நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் இயந்திரங்களிலும் தண்டு சுழலும் இடங்களில் இவ்வாறான சீல்கள் உள்ளன. பாகங்கள் வேறாயினும், சுற்றிய நூல், தேய்ந்த பெயரிங், கீறிய தண்டு என்னும் காரணங்கள் அவற்றுக்கும் பொதுவானவை.

9. நினைவிற் கொள்ளவேண்டியவை

நாள்தோறும்: வேலை தொடங்குமுன் பின்சில்லுகளின் உட்புறத்தைப் பார்க்க. சுற்றிய வைக்கோலையும் நூலையும் அகற்றுக.

வாரந்தோறும்: எண்ணெய் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க. மூச்சுத்துளையைத் துப்புரவாக்குக.

போக முடிவில்: பெயரிங் ஆட்டத்தைப் பார்க்க. அடியில் நீர் தங்கியுள்ளதா எனச் சோதிக்க. திருத்தவேண்டியவற்றை அப்பொழுதே திருத்துக. மடை திறந்தபின் கராஜ் வாசலில் காத்திருப்பதால் பயனில்லை.

கசிவு கண்டால்: முதலில் மூச்சுத்துளை, அடுத்து எண்ணெய் மட்டம், அடுத்துப் பெயரிங், அடுத்துத் தண்டு, இறுதியிலேயே சீல். இவ்வொழுங்கை மாற்றவேண்டாம்.

பிறேக்கில் எண்ணெய் கண்டால்: அன்றே நிறுத்துக. ஒரு நாள் உழவு பிந்தினால் மறுநாள் உழலாம். முறிந்த காலுக்கு அவ்வாறு மறுநாள் இல்லை.

மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் காண்க.